கோயில் ஊற்று, நாலு கேன்

அக்கரப்பத்தனை
02.04.2024

அண்ணனுக்கு,

சுதர்ஷினி எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இங்கே வாசல் படியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். வாசல் படியில் மாமி உட்கார்ந்திருப்பார். அவர் காது கேட்கப் பேச முடியாத ஒன்றைக் கேட்கவேண்டியிருக்கிறது.

நான் இங்கே மாமி வீட்டுக்கு வந்து ஐந்து கிழமை முடிந்துவிட்டது. உடம்பு பரவாயில்லை. பால் கட்டுவது போன கிழமைதான் நின்றது. கிஷாந்த் கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வருகிறார். போன தடவை வந்தபோது முன் அறையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். 

மாமி சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ஆப்பிரிக்கா மீனாம். நம்ம ஆத்துல கொளத்துல இல்லாத மீனாம். அந்தச் செத்த தண்ணியில கைய விட்டு அளைஞ்சவளுக்கு வவுத்துல என்னா தங்கும்?" இதை என்னிடம் சொல்வதில்லை. பக்கத்து லயத்து வீட்டுக்காரர் வரும்போது, நான் உள்ளே இருப்பது தெரிந்து, சொல்கிறார்.

எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. பெப்ரவரி 13ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, உங்கள் பெரிய தொட்டியில் நாற்பத்தொரு மீன் செத்து மிதந்தது. நீங்கள் தேயிலைக்கு மருந்தடிக்கப் போயிருந்தீர்கள். அண்ணி கொழுந்து பறிக்கப் போயிருந்தார். பிள்ளைப்பேற்று லீவில் நான்தான் வீட்டில் இருந்தேன். வெறுங்கையால் ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டேன். எனக்கு அப்போது ஏழு மாதம். ஒன்பதாம் நாள் பிள்ளை அசையாமல் போனது.

அந்த மீன்களுக்கு ஏதாவது வியாதி இருந்ததா? அது கை வழியாக மனிதருக்கு வருமா?

ஆம் என்றால் ஆம் என்று எழுதுங்கள். உங்களைத் திட்ட மாட்டேன். மீனை வளர்த்தது நீங்கள், கையை விட்டது நான். எனக்குத் தெரிந்தால் போதும்.

சுதர்ஷினி


ராகலை, மேல் டிவிசன்
11.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆனால் தோட்டத்து ஒபீசுக்கு வந்துவிட்டது. கிளாக்கர் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது எல்லோர் முன்னாலும் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தார். "என்னாடா ஜீவராஜ், ஒனக்கு லவ் லெட்டரா?" என்று கங்காணி வீரய்யா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இனி எழுதினால் ராகலை ரவுணில் றோலண்ட் அண்ணனின் மீன் கடை முகவரிக்கு எழுது. கீழே குறித்திருக்கிறேன்.

நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. மீனுக்கு வரும் வியாதி ஆளுக்கு வராது. றோலண்ட் அண்ணனிடமும் கேட்டுவிட்டேன். அவர் இருபது வருடமாகத் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருக்கிறார், நாலு பிள்ளை. அன்றைக்குக் கரண்ட் போயிருக்கும். காற்று மோட்டார் நின்றிருக்கும். மலாவி மீன் நெருக்கமாக வளர்வது, காற்று நின்றால் அரை மணித்தியாலம் தாங்காது. அவ்வளவுதான். மாமி வயது போனவர், சொல்லிவிட்டுப் போகட்டும்.

மற்ற இரண்டு சின்னத் தொட்டியும் நன்றாக இருக்கின்றன. இங்கே காலையில் பதின்மூன்று பாகை வரைக்கும் குளிர் இறங்குகிறது. தொட்டியைச் சுற்றிக் குளிர் தாங்க ரெஜிபோம் அட்டை கட்டி, ஹீட்டரை இருபத்தாறில் வைத்திருக்கிறேன். டொலமைட் முடிந்துவிட்டது. தேயிலைக்குப் போட வந்த மூட்டை கிழிந்து கொட்டியதில் இரண்டு கைப்பிடி அள்ளிவந்தேன். நம் மலைத் தண்ணீர் மெல்லிய தண்ணீர். சுண்ணாம்புச் சத்து ஏறினால்தான் இந்த மீன்கள் பிழைக்கும், உனக்குத் தெரியாததா.

ஒரு விசேஷம். பெரிய நீல ஆண் செத்த பிறகு, சின்னத் தொட்டியில் சாம்பல் நிறத்தில் மூலையிலேயே கிடந்ததே ஒன்று, அதை எடுத்துப் பெரிய தொட்டியில் விட்டேன். மூன்றே நாளில் முழு நீலம் ஏறிவிட்டது. அடிக்க ஆள் இல்லை என்றதும் தைரியம். மஞ்சள் பெட்டை மறுபடி வாயில் முட்டை வைத்திருக்கிறது. பதினாறு நாளாகத் தீனி எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் குஞ்சு போய்விடும் என்று அதற்குத் தெரிகிறது.

வருடப் பிறப்புக்கு வர முடியுமா? உன் அண்ணி நிஷாந்தி கேட்கிறாள். பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

ஜீவராஜ்


அக்கரப்பத்தனை
24.04.2024

அண்ணனுக்கு,

வருடப் பிறப்புக்கு வரவில்லை. இங்கே யாரும் விடவில்லை என்பதால் அல்ல. அங்கே என் காம்பரா வீட்டின் கதவைத் திறந்தால் தொட்டில் கட்ட நீங்கள் அடித்த கொக்கி தெரியும்.

மஞ்சள் பெட்டை வாயில் குஞ்சு வைத்திருப்பதைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

13ஆம் திகதி கரண்ட் போகவில்லை. பதினொன்றரைக்குத் தொட்டித் தண்ணீர் மாற்றினேன். செவ்வாய்க்கிழமைதோறும் செய்வதுபோல மூன்றில் ஒரு பங்கு இறைத்துவிட்டு, வாசல் பீலிக் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை ஊற்றினேன். காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. குமிழி வந்துகொண்டிருக்கும்போதே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பிறகு பக்கவாட்டில் சுழன்றன. பன்னிரண்டரைக்கு முதலாவது மீன் மிதந்தது. டீவியில் செய்தி ஆரம்பித்த நேரம் அது. கரண்ட் இல்லாமல் செய்தி எப்படி வரும்?

இன்னொன்று. மீன் கணக்கு எழுதும் கொப்பி என் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வந்துவிட்டது. அவசரத்தில் அடுக்கியது. மூன்று வருடக் கொப்பி. செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் என் கையெழுத்து. "பீலித் தண்ணீர், டொலமைட் ஒரு கரண்டி." நூற்றுக்கு மேற்பட்ட தடவை அதே வரி.

பெப்ரவரி 14ஆம் திகதியிலிருந்து உங்கள் கையெழுத்து வருகிறது. நீங்கள் கொப்பியில் எழுதியதே இல்லை. "கோயில் ஊற்று, நாலு கேன்." 15: "கோயில் ஊற்று, நாலு கேன்." 16: அதே. 22 வரைக்கும் ஒன்பது வரி. கோயில் ஊற்று நம் லயத்திலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு படி கீழே. நான் எண்ணியிருக்கிறேன். வாசலில் பீலி இருக்க, இருபது லீட்டர் கேனை நாலு தடவை அவ்வளவு தூரம் எதற்குச் சுமந்தீர்கள்?

சுதர்ஷினி


ராகலை
06.05.2024

தங்கச்சிக்கு,

நீ பொலிஸ்காரி மாதிரி கேட்கிறாய். அண்ணனிடம் இப்படியா எழுதுவது?

அந்தக் கிழமை பீலித் தண்ணீர் கலங்கலாக வந்தது. வறட்சியில் ஊற்று வற்றி அடி மண் இழுக்கும், எல்லா வருடமும் நடப்பதுதான். நாற்பத்தொரு மீன் செத்த கையோடு மிச்ச மீனுக்குக் கலங்கல் தண்ணீர் விட எந்த முட்டாளும் துணிய மாட்டான். அதனால் கீழே போனேன்.

அந்தக் கிழமை லயத்தில் ஆறு பேருக்கு வயிற்றோட்டம் வந்ததும் உண்மை. தோட்டத்து மருந்தறையில் கிருமி என்று சொல்லிக் குளிசை கொடுத்தார்கள், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. லயத்தில் எல்லோரும் பீலித் தண்ணீர்தான் குடித்தார்கள். நானும் குடித்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிட்டேன். வெட்டினால் அசிங்கமாகத் தெரியும் என்று விட்டுவிட்டேன். நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்ளாதே.

அந்தக் கொப்பியைத் தபாலில் அனுப்பிவிடு. எந்தப் பெட்டை எப்போது குஞ்சு போட்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். மீன் கணக்கு அவர்களுக்கு விளங்காது.

ஜீவராஜ்


அக்கரப்பத்தனை
15.05.2024

அண்ணனுக்கு,

கிஷாந்த் வந்திருந்தார். சாப்பிடும்போது மாமி அவரிடம் சொன்னார்: "ஆடி முடிஞ்சதும் கொண்டுபோயி அவ அண்ணன் வீட்டுல விட்டுட்டு வா. ஒனக்கு முப்பது வயசுதான்." அவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டார். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினார்.

கொப்பியை அனுப்ப மாட்டேன்.

இன்னும் ஒரு கேள்வி. அந்த ஒன்பது நாளும் உங்கள் பிள்ளைகள் எந்தத் தண்ணீர் குடித்தார்கள்?

சுதர்ஷினி


ராகலை
02.06.2024

சுதர்ஷினிக்கு,

கோயில் ஊற்றுத் தண்ணீர்.

இந்த ஒரு வரியை எழுத இரண்டரைக் கிழமை எடுத்தது. எழுதிவிட்டதால் மிச்சத்தையும் எழுதுகிறேன். றோலண்ட் அண்ணனின் கடையில் பின்பக்கம் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுத முடியவில்லை.

பெப்ரவரி 12ஆம் திகதி, திங்கட்கிழமை, ஏழாம் நம்பர் மலையில் தேயிலையை அழிக்கும் செஞ்சிலந்திக்கு மருந்து அடித்தோம். நாலு பேர். ஐந்து லீட்டர் கேன். பதினொரு மணிக்கே முகில் இறங்கி எதிரில் நிற்கும் செடி தெரியவில்லை, நிறுத்திவிட்டோம். கேனில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் இருந்தது. மிச்ச மருந்தை ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஸ்டோர் ஒன்றரை மைல் கீழே. மறுநாளும் அதே மலைதான். பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே ஒரு பாறைச் சந்து இருக்கிறது. அதில் கேனை வைத்து மானாப்புல் வெட்டி மூடினேன். எங்கள் கோஷ்டியில் எல்லோரும் அங்கேதான் வைப்போம். முதுகு டேங்கைக் கழுவுவதும் அந்த ஓடையில்தான். கீழே கழுவும் இடம் என்று போர்டு போட்ட இடத்துக்கு யாரும் போவதில்லை. பாறைச் சந்திலிருந்து, தண்ணீர் தேங்கும் நம் ஊற்றுப் பெட்டி பன்னிரண்டு அடி கீழே.

காலையில் போய்ப் பார்த்தேன். கேன் சரிந்து கிடந்தது. பன்றி தள்ளியிருக்க வேண்டும், புல்லெல்லாம் கிளறியிருந்தது. மூடியை நான் இறுக்கித் திருகவில்லை. அடியில் இரண்டு விரல் மருந்துதான் இருந்தது. பால் சிந்திய மாதிரி வெள்ளைக் கோடு ஒன்று பாறையில் இறங்கி ஊற்றுப் பெட்டியின் மூடி வரைக்கும் போயிருந்தது.

மற்றவர்கள் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. ஓடைத் தண்ணீரை ஊற்றிக் கேனைப் பழைய அளவுக்கு நிரப்பினேன். அன்று முழுவதும் அதைத்தான் அடித்தோம்.

கங்காணியிடம் சொல்லியிருந்தால் குழாயை மூடியிருப்பார்கள். பெட்டியை இறைத்திருப்பார்கள். என்னை மருந்துக் கோஷ்டியிலிருந்து எடுத்திருப்பார்கள். போன வருடம் இதேபோல ஒரு கேனுக்காக ஒருவரை எடுத்தார்கள். மருந்தடிக்கிறவனுக்குத்தான் பகல் ஒரு மணிக்கு வேலை முடியும். மற்றவர்களுக்கு நாலரை. அந்த மூன்றரை மணித்தியாலம்தான் நான் மீனோடு இருக்கும் நேரம். உண்மையைக் கேட்டாயே, உண்மை அவ்வளவுதான். அதற்கு மேலே பெரிய காரணம் எதுவும் இல்லை.

அன்று செவ்வாய்க்கிழமை என்பது நினைவிலேயே இல்லை. ஒன்றே முக்காலுக்கு வந்தபோது நீ வாளியோடு வாசலில் நின்றாய். "அண்ணே, எல்லாம் போச்சுண்ணே" என்றாய். முழங்கை வரைக்கும் ஈரம். எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. "கையைக் கழுவு" என்று மட்டும் சொன்னேன். நீ பீலிக்குப் போய்க் கழுவினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று பின்னேரம் பீலித் தண்ணீர் ஒரு செம்பு குடித்தேன். கசக்கவில்லை. மறுநாள் காலையில் எழும்பினேன், ஒன்றும் செய்யவில்லை. மீனுக்குத்தான் ஆகாது, ஆளை ஒன்றும் செய்யாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்த பிறகும் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்கவில்லை. நிஷாந்தியிடம், "மீனுக்குக் கொண்டாந்த தண்ணி மிச்சம் கெடக்கு, அதையே காய்ச்சு, பீலி கலங்கலா இருக்கு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கிற ஆள் இல்லை.

நீ கேட்பாய். அடுத்த கதவுதான் உன் காம்பரா. உனக்கு ஒரு கேன் கொடுத்தால், "எதுக்குண்ணே?" என்பாய். நீ கேட்டால் நான் சொல்லிவிடுவேன். அதனால்தான் கொடுக்கவில்லை.

17ஆம் திகதி, சனிக்கிழமை, நீ பச்சைக் குடத்தைப் பீலியில் நிரப்பி இடுப்பில் தூக்கினாய். நான் கோயில் ஊற்றிலிருந்து கேனோடு படியேறி வந்துகொண்டிருந்தேன். "பாரம் தூக்காத, குடு" என்று வாங்கி உன் வாசலில் கொண்டுவந்து வைத்தேன். ஒரு கையில் என் கேன், ஒரு கையில் உன் குடம்.

19ஆம் திகதி மழை பெய்தது. எல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். 22ஆம் திகதி காலையில் உன்னை வேனில் ஏற்றினோம்.

மீனுக்கு வியாதி இல்லை. மாமி சொல்வது பிழை. நீ செய்தது எதுவும் பிழை இல்லை.

இதை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு. எனக்கு இரண்டு பிள்ளைகள்.

ஜீவராஜ்


அக்கரப்பத்தனை
12.06.2024

அண்ணனுக்கு,

அடுப்பில் போடவில்லை.

மாமிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டியில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன்.  முடிந்ததும் மறுபடி வாசி என்றார். "கையைக் கழுவு" என்ற இடம் வந்ததும், "போதும்" என்றார். மாவை உருட்டிக்கொண்டே, "மீனுக்குச் சொமந்தானே, அதுல ஒரு செம்பு ஒனக்குக் குடுக்கலியே" என்றார்.  ரொட்டி சுட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி அதிகம் போட்டிருந்தார். எனக்கு எவ்வளவு சீனி என்று அவருக்கு இவ்வளவு நாளும் தெரியாது.

அன்றைக்கே வாசல் படியில் நின்று கிஷாந்துக்குப் போன் எடுத்தார். "அவள எங்கயும் கொண்டுபோயி விட வேணாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நீங்கள் எழுதியதால் எனக்கு நடந்தது இது. நடக்காததையும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரித் துண்டில் டாக்டர் காரணம் எழுதவில்லை. தண்ணீரால்தான் என்று நானும் சொல்லப்போவதில்லை. சொல்ல எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியவராது. அந்தத் தண்ணீரை யாரும் போத்தலில் பிடித்து வைக்கவில்லை. பிள்ளையையும் பத்தாம் நம்பர் மலை ஓரத்தில் புதைத்துவிட்டோம். எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும்தான். கையை விட்டது ஒரு தடவை, அரை மணித்தியாலம். குடித்தது ஒன்பது நாள். முதலாவது உங்களுக்குத் தெரியாமல் நடந்தது. இரண்டாவதை ஒரு வார்த்தையில் தடுத்திருக்கலாம்.

நான் செய்தது எதுவும் பிழை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்று செய்தேன். 17ஆம் திகதி குடத்தை நீங்கள் வாங்கி வைத்தபோது, அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

இப்போது வேறு விஷயம். கடைசிக் காம்பராவில் ஷாமிலாவுக்கு நாலு மாதம் என்று அண்ணி போனில் சொன்னார். ஆடியில் காய்ந்தால் மறுபடி செஞ்சிலந்தி வரும், மறுபடி மருந்து அடிப்பீர்கள். மறுபடி அந்த ஓடையில் கழுவுவீர்கள். கேனை எங்கே வைப்பீர்கள்?

இந்த மாதம் முடிவதற்குள் லயத்து ஆட்களிடம் சொல்லுங்கள். ஒபீசில் போய்த் தோட்டத்துத் துரையிடம் தனியாக அல்ல. அவர்கள் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி மூடிவிடுவார்கள். பெரட்டில், எல்லோர் முன்னாலும். நீங்கள் சொல்லவில்லை என்றால் ஜூலை முதலாம் திகதி காலை முதல் பஸ்ஸில் கொப்பியோடும் உங்கள் கடிதத்தோடும் வருவேன். உங்கள் கடிதத்தை நான் சத்தமாக வாசிப்பேன். ஒரு தடவை வாசித்துப் பழகிவிட்டது.

சுதர்ஷினி


ராகலை
07.07.2024

சுதர்ஷினிக்கு,

நீ பஸ் ஏறாமல் இருக்க நிஷாந்தி உனக்குப் போன் எடுத்துச் சொன்னதாகச் சொன்னாள். என்ன நடந்தது என்பதை நான் எழுதுகிறேன்.

28ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. ஆறே முக்கால். ஆள் பிரித்து முடியும் நேரம் முன்னால் போய் நின்றேன். "என்னாடா, லீவா?" என்றார் வீரய்யா. நான் சொல்ல ஆரம்பித்தேன். கேன், பாறைச் சந்து, வெள்ளைக் கோடு, தண்ணீர் ஊற்றி நிரப்பியது. கோயில் ஊற்றையும் சொன்னேன். பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்ததையும் சொன்னேன். நடுவில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினேன். யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

முடிந்ததும் வீரய்யாதான் முதலில் பேசினார். "அங்கன நீ மட்டுமாடா வச்ச? நாங்க எல்லாருந்தான் வச்சோம்." அவர் எனக்குப் பரிந்து பேசினாரா, பயந்து பேசினாரா, தெரியாது. ஷாமிலாவின் புருஷன் அவரைப் பார்த்தான். "அப்ப அன்னைக்கு ஏங் கொழந்தைக்கு வயிறு போனப்ப ஒங்க எல்லாருக்கும் தெரியுமா?"  மற்ற மூன்று மருந்துக்காரர்களும் நிலத்தைப் பார்த்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்துப் பழைய சட்டைதான் போட்டுப் போயிருந்தேன். யாரும் கை வைக்கவில்லை. கொழுந்துக்காரர்கள் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். அன்று வழக்கமாகப் போகிற சத்தம் இல்லை.

தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்து எழுதிக் கொடுத்துவிட்டார். விசாரணை வருமாம். செவ்வாய்க்கிழமை சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. வந்து ஊற்றுப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார். புதுப் பெட்டி கட்டிக் குழாய் மாற்ற ஒரு மாதம் என்றார்கள். அதுவரைக்கும் பீலித் தண்ணீர் குளிக்கக்கூட வேண்டாம் என்று லயத்தில் முடிவு செய்துவிட்டார்கள்.

28ஆம் திகதி பின்னேரம் பூரணி அக்கா வந்தார். ஆறு பேரில் ஒருவராக வயிற்றோட்டத்தில் கிடந்தவர். அவர் கையில் வெறுங்குடம். வாசலில் வைத்தார். "மீனுக்கு ஒம்பது நாள் சொமந்தியாம். நாளைக்கிக் காலம்பற எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். விடிந்து கதவைத் திறந்தேன். பத்துக் குடம். பன்னிரண்டு காம்பராவில் என்னுடையதும் பூட்டிக் கிடக்கும் உன்னுடையதும் போக, பத்து வீட்டுக் குடமும் வரிசையாக இருந்தன. ஒரு ஆளும் இல்லை.

அன்றிலிருந்து சுமக்கிறேன். இருநூற்றுப் பன்னிரண்டு படி. நீ எண்ணியது சரி. ஒரு நடைக்கு இரண்டு குடம். காலையில் ஐந்து நடை, பின்னேரம் ஐந்து நடை. நிரப்பி அந்தந்த வாசலில் வைக்கிறேன். குடத்தை உள்ளே எடுக்கிறார்கள். என்னோடு பேசுவதில்லை. நிஷாந்தியோடும் பேசுவதில்லை, அதுதான் தாங்கவில்லை. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று பூரணி அக்காவிடம் சொன்னேன். "தெரியாமலா வேற தண்ணிய காய்ச்சுனா?" என்றார். நிஷாந்தி அன்றிலிருந்து என்னிடமும் பேசவில்லை.

மீன்களை றோலண்ட் அண்ணனுக்குக் கொடுக்கப் பார்த்தேன். "மருந்துத் தண்ணி மீனுன்னு ரவுண் முழுக்கப் பேராகிப் போச்சு ஜீவா, சும்மா குடுத்தாலும் எடுக்க மாட்டாங்க" என்றார். தொட்டியில்தான் கிடக்கின்றன. அவற்றுக்குச் சுமக்க நேரமில்லை. கொதிக்கவைத்து ஆறின மிச்சத்தை ஊற்றுகிறேன். நீலம் ஏறிய ஆண் மற்ற மீன்களைக் கடித்துத் துரத்துகிறது. தொட்டிக்குள் பாறையை இடம் மாற்றி வைத்தால் இடம் மறந்து சண்டையை நிறுத்தும். கையை விட மனம் வரவில்லை.

நான் சொல்லிவிட்டேன். இனி நீ ஒருநாள் வரலாமா?

ஜீவராஜ்


அக்கரப்பத்தனை
16.07.2024

அண்ணனுக்கு,

வாசித்தேன். மாமிக்கும் வாசித்தேன்.

வருவேன், வர மாட்டேன் என்று இப்போது எழுதத் தெரியவில்லை.

அண்ணியிடம் என் காம்பராச் சாவி இருக்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பச்சைக் குடம் கவிழ்த்து வைத்திருக்கும். அதை எடுத்துப் பத்துக் குடத்தோடு பதினோராவதாக வையுங்கள். தினமும் காலையில் நிரப்பி என் வாசலில் வையுங்கள். எடுக்க ஆள் வராது. பின்னேரம் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி நிரப்புங்கள்.

புதுக் குழாயில் தண்ணீர் வந்ததும் மற்றக் குடங்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பச்சைக் குடத்தை எப்போது நிறுத்துவது என்று நான் எழுதுவேன்.

கொப்பி என்னிடம் இருக்கட்டும். நீங்கள் வேறு கொப்பி வாங்கி அதில் எழுதுங்கள்: திகதி, கோயில் ஊற்று, எத்தனை குடம்.

சுதர்ஷினி